மாற்று இன்ஜினுக்கு நேர்வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பழைய கார்களை வாங்கி, அவற்றின் பழுதுகளைச் சொந்தமாகவே சரிசெய்துகொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் பரவிவருகிறது. கைப்பேசியில் காணொலியைப் பார்த்துக்கொண்டே பிரேக் பேடு மாற்றுவதில் தொடங்கி, இன்ஜினை இறக்கி வேறு இன்ஜின் ஏற்றுவது வரை வீட்டு வாசலிலேயே நடக்கிறது. இதை விபரீத விளையாட்டு என்று கண்டிப்பவர்களும் உண்டு. பணம் மிச்சம் என்று மெச்சுபவர்களும் உண்டு. அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த இரு தரப்பாரும் பேசாத ஒன்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். பொறுமையும் ஓரளவு தொழிலறிவும் உள்ளவர் இன்ஜினை மாற்றிவிடலாம். மாற்றிய இன்ஜினின் எண்ணை, வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் ஏற்றுவதற்குள்தான் உயிர் போய்விடுகிறது.

இன்ஜினையே மாற்ற வேண்டிய நிலை ஏன் வருகிறது என்பதை முதலில் பார்க்கலாம். பழைய கார் சந்தையில் இன்றும் கிராக்கி குறையாதவை ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் போன்ற டீசல் கார்கள். ஃபியட் நிறுவனம் உருவாக்கிய 1.3 லிட்டர், அதாவது 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின்தான் இவற்றில் இருக்கிறது. டாடாவின் இண்டிகா விஸ்டாவிலும் ஃபியட்டின் புண்டோ, லீனியாவிலும் இருப்பது இதே குடும்பத்து இன்ஜின்தான். 2020 ஏப்ரலில் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டதால், இந்த வகையில் ஓடுபவை எல்லாமே வயதான வண்டிகள். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைப் பிஸ்டனோடு ஒத்துப்போக வைக்கும் டைமிங் பெல்ட் இந்த இன்ஜினுக்குக் கிடையாது, அந்த வேலைக்குச் செயின்தான். அதனால் அதைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்ற தவறான நம்பிக்கை பல உரிமையாளர்களிடம் இருக்கிறது. ஆயிலை உரிய கிலோமீட்டரில் மாற்றாமல் இழுத்தடித்தால் செயின் நீண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்து, ஒருநாள் செயின் பல் தாண்டும்; வால்வும் பிஸ்டனும் மோதி, வால்வுகளை இயக்கும் ராக்கர் ஆர்ம்கள் முறியும். "டாக்டர் ஓட்டிய வண்டி, சிங்கிள் ஓனர்" என்று தரகர் சொல்லும் எந்தக் காரிலும் அந்த டாக்டர் ஆயில் மாற்றினாரா என்பதற்கு மட்டும் ரசீது இருப்பதில்லை.

வெள்ளம் இன்னொரு காரணம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் நீரில் மூழ்கிய கார்கள் ஏராளம். நீர் புகுந்த இன்ஜினைப் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்தால், அழுத்த முடியாத நீரின் மீது பிஸ்டன் மோதி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் இழப்பீடு கிடைப்பதில்லை. இன்ஜின் பாதுகாப்புக்கெனத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். கம்பெனியில் புது இன்ஜினுக்கு விலை கேட்டால் காரின் சந்தை மதிப்பை நெருங்குகிறது. ஆக, நடுத்தரக் குடும்பத்துக்காரர் பழைய இன்ஜினைத் தேடிப் போவதில் வியப்பில்லை. பழைய வாகன உதிரிபாகச் சந்தையான சென்னைப் புதுப்பேட்டைக்கு வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவது இதற்காகத்தான்.

அப்படி வாங்குபவர் இன்ஜின் தரையில் கிடக்கும்போதே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்று பார்க்க வேண்டும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே கசடு படிந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் வரும் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால், ஆயிலில் நீர் கலந்திருக்கிறது. இன்ஜினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் இன்ஜினாகவும் இருக்கலாம். எப்படியானாலும் பேரம் பேசாமல் நகர்ந்துவிடுவது நல்லது. மல்டிஜெட்டிலேயே ஸ்விஃப்ட்டில் உள்ள 75 குதிரைத்திறனுக்கும் எர்டிகாவில் உள்ள 90 குதிரைத்திறனுக்கும் வேறுபாடு உண்டு. சிசி ஒன்றுதான் என்றாலும் டர்போவும் அதை ஆட்டிவைக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான இ.சி.யு.வும் வேறு. "எர்டிகா இன்ஜின், ஸ்விஃப்ட்டில் அப்படியே உட்காரும், பிக்கப் பிரமாதமாக இருக்கும்" என்று ஆசைகாட்டுபவர்களை நம்பி வாங்கியவர்கள், வயரிங் சாக்கெட்டுகளோடு மல்லுக்கட்டி மாதக்கணக்கில் வண்டியை ஷெட்டில் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே மாடல், அதே வகை இன்ஜினை வாங்கி, தன் காரின் பழைய இ.சி.யு.வையே வைத்துக்கொண்டால் வேறு சாவியால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் இம்மொபிலைசரின் தகராறு வராது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் மாறி வந்திருப்பதால், அவற்றின் குறியீட்டு எண்களை மட்டும் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப், மவுண்டிங் ரப்பர்கள் ஆகியவற்றை மாற்றிவிடுவதே சிக்கனம். சில ஆயிரங்களை மிச்சம் பிடித்து, ஆறு மாதத்தில் ஒரு சீலுக்காகக் கியர்பாக்ஸை மறுபடி இறக்குபவர்கள் உண்டு. வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. நூறு கிலோவுக்கு மேற்பட்ட இன்ஜினைத் தகரக் கொட்டகையின் பைப்பில் செயின் பிளாக் மாட்டித் தூக்குவதும், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் அமைப்பில், அழுத்தம் ஆயிரம் பாருக்கும் (பார் என்பது அழுத்த அளவு) மேல் ஏறும். இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கக் கூடாது, டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஏ.சி. வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல், அதற்கான கருவி உள்ளவரிடம் கொடுத்து எடுப்பதே முறை.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்து முடித்தவருக்குத்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் அமையும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. முன் ஒப்புதலின்றி மாற்றம் நிகழ்ந்திருந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி.யில் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கடனில் உள்ள காராக இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பெட்ரோல் காரில் டீசல் இன்ஜினைத் திணிப்பவரையும், சிறிய இன்ஜினை எடுத்துவிட்டுப் பெரியதைப் பொருத்துபவரையும் சட்டம் தடுப்பது சரியே. பிரேக்கும் சஸ்பென்ஷனும் அந்த வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஆனால் பழுதான இன்ஜினுக்குப் பதிலாக அதே நிறுவனத்தின் அதே வகை இன்ஜினைப் பொருத்தியவரின் ஆர்.சி.யில் மாறுவது ஓர் எண் மட்டுமே.

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் தம் ஸ்விஃப்ட்டுக்கு இப்படி இன்ஜின் மாற்றினார். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எண்ணைப் பதிவதற்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றுக்குப் போனபோது, இன்ஜின் வாங்கிய பில் கேட்டார்கள். அவரிடம் இருந்ததோ கடைக்காரர் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுத்த தொகை மட்டும். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு ரத்தானதா என்று கேட்டார்கள். அதற்கும் பதில் இல்லை. கேட்டவர்கள் மீது தவறில்லை, திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் என்ன செய்வது? ஆனால் எந்தெந்தக் காகிதம் கொண்டுவந்தால் பதிவார்கள் என்பதையும் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. முதலில் விசாரித்தவர் ஒன்று சொன்னார், அடுத்த முறை இருந்தவர் வேறொன்று சொன்னார். கடைசியில் அலுவலக வாசலில் நின்ற புரோக்கர் ஒருவர், "எதுக்கு தம்பி அலையுறீங்க, பழைய நம்பரையே புது பிளாக்குல அடிச்சிடலாம்" என்று யோசனை சொன்னாராம். எண்ணை அழித்து எண் அடிப்பது குற்றம். நேர்வழி தெளிவாக இல்லாத இடத்தில் அதுவே சுலப வழியாகக் கண்ணில் படுகிறது.

பெரும்பாலோர் அலைச்சலுக்குப் பயந்து எண்ணைப் பதியாமலே ஓட்டுகிறார்கள். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதுதான் குட்டு உடைகிறது. மக்கள் இன்னமும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், பானட்டைத் திறந்து, துணியால் பிளாக்கின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்ப்பார். அங்கிருக்கும் எண் ஒன்று, ஆர்.சி.யில் உள்ள எண் ஒன்று. அதற்கு முன்பே விபத்து நேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். காப்பீட்டு பாலிசியிலும் இன்ஜின் எண் அச்சாகியிருப்பதால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அதைத்தான் முதலில் ஒத்துப் பார்ப்பார். பல ஆண்டுகள் ஒழுங்காகப் பிரீமியம் கட்டியவரும் அன்றைக்குத் தன் நேர்மையை நிரூபிக்க வேண்டியவராகிவிடுகிறார்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை என்பதே என் கருத்து. இனி ஓடவே முடியாத நிலைக்கு வந்த வண்டியின் உரிமையாளர் அதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 55ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்களுக்கான விதிகளும் 2021இல் வந்துவிட்டன. உடைக்கப்பட்ட வண்டியின் பதிவு எண், சேசிஸ் (அடிச்சட்டக) எண், இன்ஜின் எண், பதிவு ரத்தான தேதி ஆகிய நான்கும் அச்சிட்ட ரசீது இல்லாமல் எந்த இன்ஜினும் கைமாறக் கூடாது என்று போக்குவரத்துத் துறை ஆணையிடலாம். புதுப்பேட்டை வியாபாரிகளில் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்பவர்கள். திருட்டுப் பொருளோடு சேர்த்துப் பேசப்படுவதிலிருந்து தப்பிக்க அவர்களுக்கும் இந்த ரசீது உதவும் என்பதால் எதிர்க்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அந்த ரசீதைக் காட்டுபவரின் வண்டியை ஆய்வாளர் ஒரே நாளில் பார்த்து எண்ணை ஏற்றித்தர வேண்டும். தேவையான ஆவணங்களின் பட்டியல், கட்டணம், எத்தனை நாளில் முடியும் என்ற விவரம் ஆகியவை ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஏற்கெனவே இன்ஜின் மாற்றிவிட்டுப் பதியாமல் இருப்பவர்கள், அதே வகை இன்ஜின் என்பதையும் அது திருட்டுப் பட்டியலில் இல்லை என்பதையும் காவல்துறைச் சான்றோடு காட்டினால், ஒருமுறை மட்டும் அபராதமின்றிப் பதிந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரலாம்.

போக்குவரத்துத் துறை ஆணையர் இதைக் கவனத்தில் கொள்ளத் தங்கள் நாளிதழ் உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
சேலம்.