மலையில்லாத ஊரில் இரண்டு மலை

எங்கள் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடத்தும் அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். மன்னார்குடியில் முப்பது வருஷம் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷுக்கு வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் நீங்கள் நடத்திய போட்டிக்கு என்னிடம் பழகும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியும் வந்திருந்தாள். தலைப்பு 'எங்கள் ஊர்'. அவள் படம் திரும்பி வந்தபோது மூலையில் சிவப்பு மையில் 'காமிக்ஸ் காப்பி' என்று எழுதியிருந்தது.

அவள் ஊர் கடைமடை. வரைந்தது தண்ணீர் வந்து சேராத வயல். பாளம் பாளமாக வெடித்த மண், வரப்பில் தலைத்துண்டோடு குந்தியிருக்கும் தாத்தா, பாதி முகம் நிழலில். அந்த வெடிப்பையும் நிழலையும் அவள் எங்கே பிடித்தாள் என்று எனக்குத் தெரியும். என் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கேப்டன் டைகர் கௌபாய் காமிக்ஸ் புத்தகங்களில்தான். அமெரிக்கப் பாலைவனத்துக்கு அந்த ஓவியர் போட்ட கோடுகள், ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தும் பல நாள் நனையாத அவள் அப்பாவின் நிலத்துக்குப் பொருந்திவிட்டன. தொப்பி இருந்த இடத்தில் துண்டு வந்தது அவள் யோசனை.

சரி, காப்பி என்றே வைத்துக்கொள்வோம். கேப்டன் டைகரை வரைந்த பிரெஞ்சு ஓவியர் ழான் ஜிரோ மட்டும் என்ன செய்தார்? பெல்ஜியத்து ஓவியர் ழிழேயிடம் 1961 வாக்கில் எடுபிடியாகச் சேர்ந்து, அவருடைய கௌபாய் கதை ஒன்றுக்கு மை போட்டுக் கொடுத்தார். பென்சில் குருவுடையது, மை சீடனுடையது. வேறொருவர் கோட்டின் மேலேயே உங்கள் கையை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அவர் எங்கே அழுத்தினார், எங்கே விட்டார் என்பது விரலுக்கே தெரிந்துவிடும். 1963-ல் பிலோட் என்ற பிரெஞ்சு இதழில் டைகர் கதை தொடங்கியது. சார்லியே என்ற கதாசிரியர் வரையச் சொல்லி முதலில் கேட்டது ழிழேயைத்தான். அவர்தான் இந்தப் பையனைக் கைகாட்டினார். ஆரம்பப் பக்கங்களில் கை அப்படியே ழிழே கைதான். நடுவில் ஜிரோ பயணம் போனபோது சில பக்கங்களை ழிழேயே உட்கார்ந்து வரைந்து கொடுத்தார். அவ்வளவு ஒட்டிக்கிடந்த கை. அதே ஆள் எழுபதுகளில் மோபியஸ் என்ற பெயரில் வரைந்த விண்வெளிக் கனவுகளில் ழிழேயைத் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார்.

இன்னொன்று. உலகப் போர் முடிந்த கையோடு அதே ழிழேயின் வீட்டுக்கு வந்து வரைந்து பழகியவர்களில் மோரிஸும் ஒருவர். லக்கி லூக்கைப் படைத்தவர். டைகரையும் லூக்கையும் பக்கத்தில் வைத்தால் ஒரே வாசலில் இருந்து வந்தவை என்று யாரும் சொல்ல முடியுமா?

அவ்வளவு தூரம் எதற்கு? தஞ்சாவூரில் 1924-ல் பிறந்து, கும்பகோணத்து ஓவியப் பள்ளியில் படித்த கோபாலனை ஆனந்த விகடனில் வளர்த்தெடுத்து, கோபுலு என்று பெயரும் வைத்தவர் அங்கே மூத்த ஓவியராக இருந்த மாலி. கோபுலுவின் கோட்டில் மாலியைக் கண்டுபிடித்து யாரும் சிவப்பு மை அடிக்கவில்லை.

நீங்கள் முதல் பரிசு கொடுத்த படத்தையும் பார்த்தேன். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் தென்னை. திருவாரூர் மாவட்டத்தில் எங்கே ஐயா மலை? நான் பள்ளியில் படித்தபோதும் அதே இரண்டு மலைதான். தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்து வரைகிறார்கள், அதற்குப் பெயர் இயற்கைக் காட்சி. வரைந்த பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. அது நன்றாகவே வண்ணம் தீட்டியிருந்தது.

பரிசை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. அடுத்த போட்டித் தாளின் பின்பக்கம் 'யார் படத்தைப் பார்த்துப் பழகினாய்?' என்று ஒரு வரி அச்சடியுங்கள். பிள்ளைகள் ஒளிக்க மாட்டார்கள். சந்தேகம் வந்தால் மூலப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். என் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். அப்புறம், பிள்ளை வரைந்த படத்தின் மேல் மையில் எழுத வேண்டாம். தாத்தா முகத்து நிழல் மேல் விழுந்த அந்தச் சிவப்பை அவள் ரப்பரால் அழித்துப் பார்த்து, அந்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது.

இப்படிக்கு,
மன்னார்குடி போர்டு ஓவியர் ஒருவர்