திசு வளர்ப்பு வாழை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மாடியிலும் வாசலிலும் தொட்டி வைத்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் கொடுங்கையூர் உறுப்பினர் ஒருவர், "திசு வளர்ப்புக் கன்று என்பது கருவிலிருந்து வளர்ப்பதுதானே?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மாதக் கூட்டங்களும் விதைப் பரிமாற்றமும் வழக்கம்போல் நடந்தன என்பதோடு நிறுத்திக்கொண்டு, அந்தக் கேள்வியைத் தொடர்ந்து செய்தவற்றையே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

நாம் வாங்கும் கிராண்ட் நைன் என்னும் வாழை ரகத்தின் கன்றுகள் பெரும்பாலும் கருவிலிருந்து வந்தவை அல்ல. தாய்மரத்தடியில் ஈட்டிபோல் கூரிய இலையோடு முளைக்கும் ஈட்டிக்கன்றைச் சீவிச் சீவி எடுக்கும் குருத்து நுனியைக் கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புகளும், குருத்து கிளைக்கத் தூண்டும் சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கியும் கலந்த அகார் என்னும் கடற்பாசிக் கூழ் ஊடகத்தில் வைத்தால் பக்கக் குருத்துகள் கிளைக்கின்றன. அவற்றைப் பிரித்து மீண்டும் புது ஊடகத்துக்கு மாற்றுகிறார்கள். அதன் அடிப்படைக் கலவை, முராசிகி, ஸ்கூக் என்னும் இரு அறிவியலாளர்கள் புகையிலைத் திசுவுக்காக 1962இல் வகுத்தது.

கருவழி வளர்ப்பு வேறு. நாம் உண்ணும் வாழையில் முளைக்கும் விதை இல்லாததால், வாழைப்பூவையே நாடுகிறார்கள். பூ ஆய்ந்து முடிக்கும்போது பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்னும் வெள்ளைக் குருத்து இருக்கிறதே, அதனுள் இருக்கும் முதிராத ஆண்பூக்கள்தாம் மூலப்பொருள். அவை உருவமற்ற திசுத்திரளாகி, குலுக்கப்படும் திரவ ஊடகத்தில் பெருகி, பின்னர் விதைக்குள் இருப்பதைப் போன்ற கருக்களாகின்றன. இதற்கு மாதக்கணக்கில் ஆகும், எல்லாப் பூவும் இசைவதுமில்லை. கலப்பின ஆராய்ச்சியில் அரிதாகக் கிடைக்கும் விதையின் கருவைப் பிரித்தெடுத்து வளர்ப்பதும் உண்டு. திருச்சியில் 1993இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இத்துறையில் பணியாற்றுகிறது.

வியாசர்பாடியில் என் வீட்டு மாடியறையில் செய்த குருத்துநுனி முயற்சி தோற்றது, பொறுப்பு என்னுடையது. குக்கரில் வேகவைத்த 12 ஜாம் பாட்டில்களில் ஐந்தாம் நாளே ஒன்பதில் பூஞ்சை பஞ்சாகப் படர்ந்தது. காற்றோடு பூஞ்சை வித்துகளும் வந்து விழும் என்று மின்விசிறியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. மீதி மூன்றில் வெட்டுவாய் கறுத்து ஊடகமும் கறுத்தது. வாழைத்தண்டு கறுக்காமலிருக்க நறுக்கி மோரில் போடுகிறோமே, ஆய்வகத்தில் அந்த வேலையை அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, செய்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மொத்தமாக வாங்கிய கன்றுகளில் இரண்டுக்கு முடிக்கொத்து என்னும் நச்சுயிரி நோய் வந்தது. இலைகள் குட்டையாகி உச்சியில் நெருங்கி நிமிர்ந்து நின்றன. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி நோயை மற்றவற்றுக்கும் பரப்பிவிடும் என்பதால் உடனே பிடுங்கி அழித்தோம். திசு வளர்ப்பு மண்வழிப் பூஞ்சையையும் நூற்புழுவையும் விலக்குமே தவிர, தாய்மரத்தில் நச்சுயிரி இருந்தால் அதுவும் பாட்டிலுக்குள் சேர்ந்தே பெருகும். விற்றவரிடம் பரிசோதனைச் சான்று கேட்காதது நம் தவறு. இனி அந்தச் சான்று இல்லாத கன்றுகளை வாங்குவதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

தண்டையார்பேட்டை உறுப்பினர்களின் கன்றுகளில் இலையோரம் கருகியதற்கு நோய் காரணமில்லை. உப்பேறிய போர்த் தண்ணீரே காரணம். மெட்ரோ தண்ணீருக்கு மாற்றியபின் வந்த புது இலைகள் தெளிவாக இருக்கின்றன.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துப் படிப்பார்.