கருகிய பிளக்கைக் கொடுத்து அனுப்பு

செந்தூல், கோலாலம்பூர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேலாகிவிட்டது. எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்த உன் மகன் மேடைத் தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான் என்றும், நடிகனாகப் போகிறேன் என்றால்கூடப் புரியும், திரைக்குப் பின்னால் நிற்பதற்கு ஒரு டிப்ளோமாவா என்று உன் வீட்டில் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். நான் வேலை பார்க்கும் கல்லூரியின் ஆண்டு நாடகம் நெருங்கிவிட்டதால் உடனே பதில் எழுத இயலவில்லை. நேற்றுதான் நாடகம் முடிந்து, விளக்குகளை இறக்கி, கேபிள்களைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தோம். கை இன்னும் வலிக்கிறது. ஆனாலும் இந்தக் கடிதத்தை இன்றே எழுதிவிட வேண்டும்.

நான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். இருபத்தைந்து வருடம் வீட்டு வயரிங் செய்து பிழைத்தவனை, இரண்டு வருடத்திற்கு முன்பு இந்தக் கல்லூரி தன் சிறிய அரங்கத்தின் மின் இணைப்புகளைச் சீர்செய்ய அழைத்தது. வேலை முடிந்த பிறகு தொழில்நுட்ப உதவியாளனாக இருந்துவிடச் சொன்னார்கள். மாணவர்களுக்கு விரிவுரையாளர் பாடம் நடத்தும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சாக்கில் நானும் ஒரு மாணவனாகிவிட்டேன். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு போனவன், முதல் வாரத்திலேயே நம்முடைய பழைய பாவம் ஒன்றை அங்கே கண்டுபிடித்தேன்.

நமக்குப் பத்தொன்பது வயதில், பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபத்தில் நாம் போட்ட சரித்திர நாடகம் நினைவிருக்கிறதா? நீ அரசனாக நின்று நீளமாக வசனம் பேசிக்கொண்டிருந்தபோது விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. நீ பாட்டுக்கு ஆம்பிளிஃபயரைக் கொண்டுவந்து அதே வயரில் செருகியதால்தான் அப்படி ஆனது என்று உன்மேல் பழி போட்டு, அந்தச் சண்டையை இத்தனை வருடம் வேடிக்கைபோல் இழுத்து வந்திருக்கிறேன். உண்மை வேறு. ஆயிரம் வாட் விளக்கு ஒன்று நம் நாட்டு மின்னழுத்தத்தில் நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். நான் அன்று ஆறு விளக்குகளை ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் கொடுத்து, அதை 13 ஆம்பியர் பிளக் ஒன்றில் செருகியிருந்தேன். மொத்தம் 25 ஆம்பியர். பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ், தன் அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுமையை உடனே உதறித் தள்ளாது. அரை மணி நேரத்திற்குள் உருகும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. முதல் காட்சி முழுவதும் நம்மை ஏமாற்றிக் காத்திருந்து, நீ உச்சக் குரல் எடுத்த நேரம் பார்த்து உருகிவிட்டது. உன் ஆம்பிளிஃபயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மன்னித்துவிடு. மீதி வயரைச் சக்கரத்திலிருந்து பிரிக்காமல் சுருளாகவே வைத்திருந்ததால் அது சூடேறி நாற்றம் அடித்ததும் என் தவறுதான். இன்று முதலாண்டு மாணவர்களிடம் நான் சொல்லும் முதல் பாடம் அதுதான்: வாட்டை மின்னழுத்தத்தால் வகுத்துப் பார்க்காமல் எதையும் செருகாதே.

இதைக் கேட்டுச் சிரித்த மாணவர்களுக்கு விரிவுரையாளர் சிகாகோ நகரத்து இரோகுவோய் அரங்கத்தைப் பற்றிச் சொன்னார். 1903 டிசம்பர் 30 அன்று ஒரு ஆர்க் விளக்கின் பொறி திரையில் பற்ற, தீயைத் தடுக்க வேண்டிய திரை பாதியில் சிக்கிக்கொள்ள, பூட்டிய கதவுகளுக்குள் அறுநூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவசர வழியின் முன் நாற்காலி போடக் கூடாது என்று நான் கத்துவதையும் இப்போது யாரும் முணுமுணுப்பதில்லை.

விளக்கை எங்கே வைப்பது என்பது இன்னொரு கல்வி. நாம் அன்று மேடையின் விளிம்பில், தரையிலேயே வைத்துவிட்டோம். உன் மூக்கின் நிழல் நெற்றியில் ஏறி, அரசன் பேயைப்போல் நின்றான். அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932இல் வகுத்துச் சொன்ன முறைப்படி, நடிகரின் இரு பக்கமும் ஏறக்குறைய 45 பாகை உயரத்திலிருந்து இரண்டு விளக்குகள் விழ வேண்டும். ஒன்று சற்றே மஞ்சள் சாய்ந்த வெப்ப நிறம், மற்றது நீலம் சாய்ந்த குளிர் நிறம். புத்தகம் அப்படிச் சொல்கிறது. ஆனால் விளக்கின் முன் மாட்டும் அந்த நீல நிறத் தாளை நம்மவர் முகத்துக்கு அப்படியே போட்டால் கறுத்த தோல் சாம்பல் பூத்துப் போகிறது. நான் ஒத்திகையில் நான்கைந்து தாள்களை மாற்றிப் பார்த்துவிட்டு, குளிர்ப் பக்கத்துக்கு இளம் ஊதாவை வைத்தேன். முகம் முகமாகத் தெரிந்தது. அரக்குப் பட்டுச் சேலையும் அரக்காகவே இருந்தது. தோலின் நிறத்தைக் கேட்காமல் எந்தத் தாளையும் வெட்டக் கூடாது என்பதை நான் விளக்கின் கீழ் நின்றுதான் கற்றேன். பாடப்புத்தகம் அதைச் சொல்லவில்லை.

நாம் ஆறாம் படிவத்தில் மனப்பாடம் செய்து மறந்த சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை இதற்காக மீண்டும் எடுத்துப் படித்தேன். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்லிவிட்டு, தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் புறத்தே போகும்படி விளக்கு ஏற்ற வேண்டும் என்கிறார் இளங்கோவடிகள். மூன்று வகை எழினிகளையும் (திரைகளையும்) அதே மூச்சில் சொல்கிறார். நம் பழைய மண்டபத்தில் இரண்டு தூண்கள் மேடையின் முன்னால் நின்றன அல்லவா? அந்த ஒரு வரியை அன்று தேர்வுக்காக மட்டும் படிக்காமல் இருந்திருந்தால், உன் முகத்தில் பாதி இருட்டாக இருந்திருக்காது.

மேலே தொங்கும் கம்பத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் உன் மனைவி அஞ்சுவது அதற்காகத்தான் இருக்கும். திரையும் விளக்கும் தொங்கும் கம்பத்தின் மறுமுனையில் இரும்புக் கட்டிகளை அடுக்கி, துலாவைப்போல் இரு பக்கமும் சமமாக்கி வைத்திருப்பார்கள். ஏற்றும்போது கம்பத்தைத் தரைக்கு இறக்கி, முதலில் விளக்கை மாட்டிவிட்டு, பிறகே கட்டிகளை அடுக்க வேண்டும். இறக்கும்போது முதலில் கட்டிகளை எடுத்துவிட்டு, பிறகே விளக்கைக் கழற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் கம்பம் மேலே பாய்ந்து, கட்டிகள் கீழே இடியாக இறங்கும். ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கியைத் தவிரத் தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் உண்டு. ஒரு மாணவன் அதை மாட்ட மறந்தபோது அவனை அன்று முழுவதும் ஏணிப் பக்கம் விடவில்லை. கடுமையாகத் தோன்றலாம், எனக்கு அதில் வருத்தமில்லை.

இப்போது எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டதால் மின்சுமை வெகுவாகக் குறைந்துவிட்டது. விளக்குகள் டிஎம்எக்ஸ் என்ற சமிக்ஞைக் கேபிளில் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. 1986இல் வகுத்த முறை, ஒரு கேபிளில் 512 தடங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை அளவு. கடைசி விளக்கில் 120 ஓம் அடைப்பான் ஒன்றைச் செருகாவிட்டால் விளக்குகள் காரணமில்லாமல் துடிக்கலாம். என்னைப்போன்ற வயர்மேன் அங்கே ஃபியூஸைத் தேடித் தேடி ஒரு மாலையைத் தொலைத்தேன். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே அந்தச் சிறிய அடைப்பானைச் செருகினான்.

ஆனால் எனக்கு இந்தத் தொழில் பிடித்துப்போன இடம் வேறு. இந்த ஆண்டு நாடகம் தமிழில். அதை நடத்திக்கொடுத்த மேடை மேலாளர் ஒரு சீன மாணவி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. மேடை மேலாளர்தான் ஹெட்செட்டில் "ஸ்டேண்ட்பை" என்று எச்சரித்து, பிறகு "கோ" என்று சொல்வார். அந்தச் சொல் வாயிலிருந்து வந்தால்தான் விளக்கோ ஒலியோ மாறும். அதனால் ஹெட்செட்டில் அந்தச் சொல்லைப் பேச்சுக்குக்கூட வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம். அந்தப் பெண் ஒத்திகை முழுவதும் அமர்ந்து, வசனங்களின் ஓசையை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதி, பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். தாய் வேடம் போட்டவர் "ஐயோ" என்று சொல்வதற்கு முன் ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சின் இடத்தில் ஒரு சிறிய வட்டம். மேடையின் இருட்டு ஓரத்தில், நீலக் காகிதம் சுற்றிய விளக்கின் அடியில், அவள் விரல் அந்த வட்டத்தைத் தொட்டுக்கொண்டு காத்திருந்ததை நான் இரண்டு அடி தூரத்தில் நின்று பார்த்தேன். மூச்சு வந்தது, "கோ" என்றாள், நான் பொத்தானை அழுத்தினேன், மேடை மெல்லச் சிவந்தது. முன்வரிசையில் யாரோ விம்மியது எனக்குக் கேட்டது. தமிழ் தெரிந்த நான் வசனத்தில் மயங்கிப்போய், ஒத்திகையில் இரண்டு முறை அதே இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

(எல்லோரும் கறுப்புச் சட்டை அணிய வேண்டும் என்பதால், நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பா என்று என் மனைவி முகம் சுளித்ததையும் சொல்லிவிடுகிறேன். நாடகத்தைப் பார்த்த பிறகு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.)

பிழைப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். மறைக்காமல் சொல்கிறேன். திருமணம், ஹோட்டல் நிகழ்ச்சி, தொலைக்காட்சி, கோயில் கலை இரவு என்று வேலை இருக்கிறது. ஆனால் இரவு வேலை, நாள்கூலி, பணம் தாமதமாக வரும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அரங்கங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. விளக்குத் தொழிலில் இருந்த பலர் மீண்டும் வீட்டு வயரிங்குக்கோ வாடகைக் காருக்கோ போனார்கள். ஆகவே அவன் மின்சாரச் சான்றிதழையும் கூடவே வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

எங்கே சேர்ப்பது என்று பார்த்தால், பினாங்கிலேயே மிண்டனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் நாடகப் படிப்பு இருக்கிறது. இங்கே 1994இல் தொடங்கிய அஸ்வாரா என்ற அரசுக் கலைக் கல்விக்கூடம் இருக்கிறது. தனியார் கல்லூரியைப் பார்ப்பதாக இருந்தால், வரவேற்பறையில் கொடுக்கும் படப் புத்தகத்தை நம்பாதே. ஒரு கல்லூரியில் பெரிய விளக்குக் கட்டுப்பாட்டு மேசை ஒன்றைக் காட்டி ஆள் சேர்த்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அது பூட்டிய அலமாரியில் தூசு படிந்து கிடந்தது, சாவி யாரிடம் என்று எவருக்கும் தெரியவில்லை. முதலாண்டு மாணவன் எத்தனை நாடகங்களில் ஏணியில் ஏறுகிறான் என்று மட்டும் கேள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கதவைத் தட்டு.

அதற்கு முன்பு, வரும் விடுமுறையில் உன் மகனை ஒரு வாரம் என்னிடம் அனுப்பு. மாணவர்களின் சிறு நாடகம் ஒன்று இருக்கிறது. ஒரு மாலை செந்தூல் பூங்காவில் உள்ள கேஎல்பெக் அரங்கத்துக்கும் அழைத்துப் போகிறேன். என் மாமா வேலை பார்த்த ரயில்வே பட்டறை வளாகத்தின் பழைய கட்டடம்தான் 2005இல் அரங்கமாகத் திறக்கப்பட்டது என்பதை அவன் செங்கலைத் தொட்டுப் பார்க்கட்டும். கறுப்புச் சட்டை ஒன்று போதும், சிலிப்பர் வேண்டாம், விரல் மூடிய காலணி அவசியம். அந்தக் கருகிய பிளக்கை நீ இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறாய் என்று உன் மனைவி ஒரு முறை சொன்னார். அதை அவன் கையில் கொடுத்து அனுப்பு; முதலாண்டு வகுப்பில் காட்ட வேண்டும்.

அன்புடன்,
பினாங்கின் லைட் ஸ்ட்ரீட் தெருவில் விளக்கு கட்டப் போனதால் நீ பெயர் வைத்த உன் "லைட் ஸ்ட்ரீட்"