கொல்லைக் கதவையும் பார்

மன்னார்குடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் ஜிமெயிலில் வேறு யாரோ நுழைந்ததாக கூகுளின் எச்சரிக்கை மடல் வந்தது என்று முந்தாநாள் இரவு நீ பதறிப்போய் அழைத்தபோது, உடனே செய்ய வேண்டியதை மட்டும்தான் சொல்ல முடிந்தது. உன் ஜிமெயிலை இப்போது வேறு யாரும் படிக்கிறார்களா என்பது தெரியாத நிலையில், மீதி யோசனைகளை அதே பெட்டிக்கு எழுதி அனுப்புவது, திருடன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது சாவி இருக்கும் இடத்தைச் சத்தமாகச் சொல்வது போலாகிவிடும். ஆகவே தாளில் எழுதி விரைவு அஞ்சலில் சேர்க்கிறேன்.

எச்சரிக்கை மடலில் இருந்த பொத்தானை அழுத்தாமல், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தை நீயே திறந்து பார்த்தது நல்ல காரியம். அப்படியே அச்சு மாறாமல் போலி எச்சரிக்கைகளையும் அனுப்புகிறார்கள். உண்மையான எச்சரிக்கையாக இருந்தால் அந்தப் பக்கத்திலும் அது பதிவாகியிருக்கும். உன் சாதனப் பட்டியலில் 'மும்பை' என்று காட்டியதைத்தான் நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். ஊர்ப்பெயரைப் பார்த்து முடிவுக்கு வராதே. இணைய முகவரியை வைத்து ஊகித்துச் சொல்லும் இடம் அது. நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உள்நுழைந்ததற்கே ஒருமுறை ஹைதராபாத் என்று காட்டியது. என் சந்தேகம் ஊரின் மேல் இல்லை. உங்கள் இருவரிடமும் விண்டோஸ் கணினியே இல்லாதபோது, விடியற்காலை 3.40 மணிக்கு ஒரு விண்டோஸ் கணினி உள்ளே வந்திருக்கிறது. அதற்கு வேறு விளக்கம் கிடையாது.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டாய், அந்தச் சாதனத்தையும் வெளியேற்றிவிட்டாய், "முடிந்தது அப்பா" என்றும் சொல்லிவிட்டாய். முடியவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னிடம் இதுவரை மறைத்த ஒரு விஷயத்தையும் இதற்காகவே எழுத வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓய்வூதியப் படிவம் ஒன்றை அச்செடுப்பதற்காக இங்குள்ள ஒரு பிரவுசிங் சென்டரில் என் ஜிமெயிலைத் திறந்தவன், வெளியேறாமலே காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் இதே போன்ற எச்சரிக்கை எனக்கும் வந்தது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பிறகு இரண்டு மாதமாக வங்கியிலிருந்து கணக்கு அறிக்கை வரவில்லை என்று நேரில் போய்ச் சத்தம் போட்டேன். கவுண்ட்டரில் இருந்த பெண் திரையைத் திருப்பி, இரண்டு மடல்களும் அனுப்பப்பட்ட தேதியைக் காட்டினாள். வீட்டுக்கு வந்து, எதிர்வீட்டுப் பையனின் கணினியில் என் கணக்கைத் திறந்து, அமைப்புகளுக்குள், எந்த மடலை என்ன செய்ய வேண்டும் என்று விதி எழுதி வைக்கும் வடிப்பான்கள் (Filters) என்ற இடத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வங்கியின் பெயருள்ள மடல் எது வந்தாலும் இன்பாக்ஸுக்குப் போக வேண்டாம், படித்ததாகக் குறித்துவிடு, இந்த முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பு என்று ஒற்றை வரியில் கட்டளை எழுதி வைத்திருந்தார்கள். அந்த முகவரி என் முகவரியேதான், ஓர் எழுத்து மட்டும் இரண்டு முறை வந்தது. முன்கதவின் பூட்டை நான் மாற்றியிருந்தேன். கொல்லைக் கதவை அவர்கள் உள்ளிருந்தபடியே திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பணம் போகவில்லை. அந்தப் பெண்ணிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

கடவுச்சொல்லை மாற்றினால் இந்த வடிப்பான்கள் அழிவதில்லை. கைபேசிச் செயலியில் இவை கண்ணில் படுவதும் இல்லை. ஆகவே ஒரு கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் வடிப்பான்களையும், வரும் மடல்களை வேறு முகவரிக்கு முன்னனுப்பும் பகுதியையும், உன் பெட்டியைப் படிக்க வேறு கணக்குக்கு அனுமதி தரும் இடத்தையும் ஒவ்வொன்றாகப் பார். நீ எழுதாதது எதுவாக இருந்தாலும் முதலில் படம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு நீக்கு. கூகுள் கணக்கு வழியாக உள்நுழைய நீ அனுமதித்த செயலிகளின் பட்டியல் தனியாக இருக்கும். அதில் பெயர் தெரியாததை எல்லாம் தயங்காமல் வெட்டிவிடு.

அடுத்தது மீட்பு எண். நீ கல்லூரியில் படித்தபோது வைத்திருந்த எண்ணைத்தான் அந்நாளில் கொடுத்தாய் என்பது என் நினைவு. துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்க நம் நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அப்படியானால் உன் கணக்கை மீட்பதற்கான குறுஞ்செய்தி முன்பின் தெரியாத ஒருவருடைய சட்டைப்பையில் போய் விழும். மீட்பு மின்னஞ்சலாகக் கொடுத்திருக்கும் பழைய யாகூ முகவரியையும் உடனே பார். அதைத் திறக்கவே முடியவில்லை என்றால் எடுத்துவிடு.

கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பைத் தொல்லை என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டாய். நான் முப்பத்தோர் ஆண்டு சார்கருவூலத்தில் வேலை பார்த்தவன். முத்திரைத்தாள்கள் இருந்த அறைக்கு இரண்டு பூட்டுகள். இரண்டு சாவியும் ஒருவரிடம் இருக்கக் கூடாது. ஒரு நாள் காலை கணக்கர் பேருந்து கிடைக்காமல் தாமதமாக வந்தார் என்பதற்காகப் பதினோரு மணி வரை அறையைத் திறக்காமல் மக்களை வரிசையில் நிற்க வைத்திருக்கிறோம், திட்டும் வாங்கியிருக்கிறோம். ஒற்றைச் சாவி போதும் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. உன் கடவுச்சொல் ஒரு சாவி. மற்றது உன் கையில் இருக்கும் கைபேசியாக இருக்கட்டும். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிட, முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி மேல். உன் சிம்மை வேறொருவர் ஏமாற்றி வாங்கினாலும் அந்த எண் அவருக்குப் போகாது. அதோடு, கைபேசி கையில் இல்லாதபோது உள்நுழைய கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகளைத் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் செல்லும். அவற்றைக் கைபேசியில் படமாக வைக்காமல் தாளில் எழுதி நகை ரசீதுகளோடு பீரோவில் வை. எங்கள் அலுவலகத்தின் மாற்றுச் சாவிகளும் அப்படித்தான், முத்திரையிட்ட உறையில், வேறோர் இடத்தில் இருந்தன.

பழைய கடவுச்சொல்லையே வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறாய் என்று கேட்டதற்கு நீ பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினாய். ஏதோ ஒரு கடையின் தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டு ஜிமெயிலில் முயன்று பார்ப்பதுதான் இப்போது வழக்கமான வேலை என்பதால், அந்த இடங்கள் எல்லாவற்றிலும் வெவ்வேறாக மாற்று, வங்கியில் முதலில். டிராய் ஹன்ட் என்பவர் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' (haveibeenpwned.com) என்ற தளத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தக் கசிவில் அது சிக்கியது என்று காட்டும். கடவுச்சொல் எதுவும் கேட்காது. வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்திருந்தாலும் உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழைத்துவிடு. கூகுளிலிருந்து பேசுகிறோம், கணக்கை மீட்டுத் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று யாரேனும் அழைத்தால் பதில் பேசாமல் வைத்துவிடு.

கணினியில் பார்த்துவிட்டு, வடிப்பான்களில் என்ன இருந்தது என்பதை இரவு எட்டு மணிக்கு மேல் அழைத்துச் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: இதை எழுதி முடித்த பிறகு உன் கல்லூரிக் கால எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். யாரோ ஒரு பெரியவர் எடுத்தார். எண் வாங்கி ஓராண்டாகிறதாம். வாரத்துக்கு ஒருமுறையாவது ஏதோ ஒரு குறியீடு வந்து விழுகிறது, யாருக்கு என்று தெரியாமல் அழித்துவிடுகிறேன் என்றார்.