படிவத்தில் இல்லாத கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் மண்டபம் பக்கத்துப் பெண், விலங்கியல் மூன்றாம் ஆண்டு. செமஸ்டர் முடிகிற சமயம் எங்களிடம் ஒரு கருத்துப் படிவம் நீட்டுவார்கள். சார் நேரத்துக்கு வருகிறாரா, குரல் கடைசி பெஞ்சு வரை கேட்கிறதா, போர்ஷன் முடிந்ததா, ஐந்துக்கு எத்தனை? எல்லாருக்கும் ஐந்தைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறோம். இன்டர்னல் மார்க் அவர்கள் கையில் இருக்கும்போது வேறென்ன போடுவது!

நாங்கள் யாரை 'நல்லா நடத்துறார்' என்று பேசிக்கொள்கிறோம் என்பது அதில் வரவே வராது. போன வருடம் ஒரு மேடம் பாலிதீன் பையில் நான்கு நீலக்கால் நண்டுகளோடு வகுப்புக்கு வந்து, இதில் ஆண் எது, பெண் எது என்று கேட்டார். அதுவரை வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, வயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண் என்று பிரித்து வைத்துவிட்டான், வலையிலிருந்து நண்டு கழற்றுவது வீட்டில் அவன் வேலை. அப்புறம்தான் மேடம் போர்டில் 'அப்டமன்' என்று எழுதினார். நிலாக் காலத்து நண்டில் சதை இருக்காது என்று அம்மா சொல்வாங்களே, நிஜமா என்று நான் கேட்டதற்கு, "எனக்கும் சரியாத் தெரியல, ஓடு கழற்றின நண்டு மெலிஞ்சு கிடக்கும், அதுக்கும் நிலாவுக்கும் என்ன சம்பந்தம்னு நீயே எடை போட்டுப் பாரேன்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஆசிரியரை அன்றுதான் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு பிபிடியை வரிவரியாக வாசிக்கிற சாருக்கும் படிவப்படி அதே ஐந்துதான்.

பசங்களுக்கு எது நல்ல வகுப்பு என்று தெரியுமா என்று கேட்பார்கள். சரி, அதிலும் நியாயம் உண்டு. 2019-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்றில், சரளமான விரிவுரை கேட்ட இயற்பியல் மாணவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள், ஆனால் தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள்தான் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். அதனால் எங்களை மார்க் போடச் சொல்லாமல், 'இந்த செமஸ்டரில் வகுப்பில் நீ கேட்ட கேள்வி என்ன?' என்று கேளுங்கள்.

ராமேஸ்வரம் கடற்கரையில் பறவை பறப்பதைக் காட்டிய தன் ஆசிரியரைப் பற்றிக் கலாம் சொன்னது எங்கள் ஊர் ஆசிரியர் தின மேடைகளில் தவறாமல் வந்துவிடும். எங்கள் லேப் ஜன்னலில் கடல் தெரிகிறது. மூன்று வருடத்தில் ஒரே தடவை கரைக்குக் கூட்டிப்போனார்கள், அதுவும் பிளாஸ்டிக் பொறுக்க.

படிவத்தை செமஸ்டர் நடுவிலேயே கொடுத்தால் எங்களுக்கே பயன்படும். ரோல் நம்பர் மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவி, மண்டபம்