டிக்கியில் தூங்கும் கேபிள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெட்ரோலிலும், பிளக் மாட்டிச் சார்ஜ் செய்யும் பேட்டரியிலும் ஓடும் சக்திவாய்ந்த பிளக்-இன் ஹைபிரிட் கார்களும் குறைவாகத்தான் புகை விடும் என்று தங்கள் ஞாயிறு வாகனப் பகுதியில் படித்தேன். விடும்தான், தினமும் சார்ஜ் போட்டால். பேட்டரியில் ஓடும் தூரத்தை ஆய்வுக்கூடக் கணக்கு தாராளமாகச் சேர்த்துக்கொள்வதால் வருவதே விளம்பரங்களில் காட்டும் அந்த அழகான, குறைந்த புகை எண். 2021இல் பதிவான கார்களின் நிஜப் பயன்பாட்டை ஆராய்ந்து ஐரோப்பிய ஆணையம் 2024இல் தந்த அறிக்கைப்படி, பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் வெளியிடும் கரியமில வாயு, அறிவித்த அளவைப்போல் சராசரியாக 3.5 மடங்கு!

பெங்களூரு ஜெயநகரில் எங்கள் அடுக்ககத்திலும் அப்படியொரு கார் நிற்கிறது. கீழ்த்தளத்தில் சார்ஜ் வசதி வைக்கக் குடியிருப்போர் சங்கம் இன்னும் சம்மதிக்கவில்லை. ஒருநாள் டிக்கியில் சாமான் ஏற்ற உதவப் போனேன். சார்ஜ் கேபிள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் அந்தப் பெரிய பேட்டரியின் எடையையும் சேர்த்துப் பெட்ரோல்தான் இழுக்கிறது. உரிமையாளரைக் குறை சொல்லி என்ன பயன்? இத்தகைய கார்களுக்கு வரிச்சலுகை தருவதென்றால், விளம்பர எண்ணை நம்பித் தர வேண்டாம். சரி, வேறு எதை வைத்துத் தருவது? வண்டியின் கணினியில் எரிபொருள் செலவைப் பதியச் செய்து, ஆண்டுதோறும் புகைச் சோதனையின்போது அதைப் படித்துப் பார்த்துத் தரலாம். கூடவே, பழைய அடுக்ககங்களிலும் சார்ஜ் வசதிக்கு அனுமதி கட்டாயம் என்று அரசு உத்தரவிட வேண்டும்.

- வாசகர், ஜெயநகர், பெங்களூரு