பள்ளிக்கு ஒரு இன்ஹேலர், ஒரு ஸ்பேசர்: பள்ளிச் சுகாதார அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். சென்ற வாரம் ராமநாதபுரம் கடலோரப் பள்ளி ஒன்றில் ஒவ்வாமை விழிப்புணர்வுப் பேரணி நடந்தது. சீமைக்கருவேலம் பூத்துக் கிடக்கும் சாலையோரம், வெயிலிலும் புழுதியிலும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் பதாகை பிடித்து நடந்தார்கள். அன்று பிற்பகல் ஒரு சிறுமிக்கு இரைப்பு வந்து, அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனவே கேட்கிறோம்: ஒவ்வொரு பள்ளியிலும் மூச்சுக்குழலைத் திறக்கும் சால்பியூட்டமால் மருந்துள்ள இன்ஹேலர் ஒன்று, அந்த மருந்தைத் தேக்கி நிதானமாக இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குடுவை ஒன்று, மருந்தைக் கொடுக்கத் தெரிந்த இரண்டு ஆசிரியர்கள் வேண்டும்.

அந்தப் பிள்ளை பெஞ்சில் இரு கைகளையும் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். இரண்டு சொல்லுக்கு மேல் பேச்சு வரவில்லை. அவளை மேசைமேல் மல்லாக்கப் படுக்க வைத்து விசிறியிருக்கிறார்கள். இரைக்கிற பிள்ளையைப் படுக்க வைத்தால் திணறல் கூடும். சற்று முன்சாய்த்து உட்கார வைக்க வேண்டும். பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து, ஸ்பேசர் இல்லாமல் நேராக வாய்க்குள் அடித்தார்கள். மருந்தில் பெரும்பங்கு நாக்கிலும் தொண்டையிலும் படிந்ததே தவிர நெஞ்சுக்குப் போகவில்லை. பிறகு செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை ஒன்று. அது அரிப்புக்கு உதவும், சுருங்கிய மூச்சுக்குழலைத் திறக்காது. ஆசிரியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும். இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி ஒருமுறை அழுத்தி, பிள்ளையை நிதானமாக ஐந்து மூச்சு இழுக்க விட வேண்டும். மறுபடி குலுக்கி அடுத்தது. இப்படிப் பத்து வரை கொடுக்கலாம். உதடு நீலம் பூத்தாலோ பேச்சு நின்றாலோ பத்துக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிட்டு மருந்தைத் தொடர வேண்டும். ஸ்பேசர் வாங்க நிதி இல்லையென்றால் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்துமளவு துளை போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டினால் ஆயிற்று. சோப்புத் தண்ணீரில் முக்கி, துணியால் துடைக்காமல் அப்படியே காயவிட வேண்டும். துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

எதெதனால் ஒவ்வாமை வரும் என்று நீங்கள் விநியோகித்த துண்டறிக்கையைப் பார்த்தோம். ஸ்ட்ராபெரி இருக்கிறது, பாதாம் இருக்கிறது. முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் நாள்கணக்கில் புகையும் கரிமூட்டம் இல்லை. சீமைக்கருவேலம் பூந்தூள் இல்லை. ஐஸ் போடாமல் கிடந்த சூரை மீனில் ஒவ்வாமை போலவே தடிப்பு உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறும், சமைத்தாலும் போகாது, தின்ற பிள்ளைக்கு முகம் சிவந்து தடிக்கும் என்பதும் இல்லை. அதை மீன் ஒவ்வாமை என்று முடிவுகட்டி, மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மீனையே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்ட்ராபெரியை எங்கள் பிள்ளைகள் பென்சில் டப்பாவில்தான் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து அவர்களைக் காப்பாற்றியதற்கு நன்றி.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த பேரணிக்கு ஒதுக்கிய பணத்தில் இன்ஹேலரும் ஸ்பேசரும் வாங்கி, பூட்டிய பீரோவில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வரும் ஜூனில் பள்ளி திறக்குமுன் ஆசிரியர் பயிற்சிக்கும் தேதி குறித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கடலோரப் பள்ளி மாணவர்களின் பெற்றோர்